35 மீட்டர் மல்மல், இரண்டு ஊஞ்சல், ஒரு மஞ்சள் கறை

போன குளிர்காலத்தில், அதாவது இங்கே மொரீஷியசில் ஜூலை, ஆகஸ்டில், ரோஸ் ஹில்லில் எங்கள் கோவிலுக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் ஒரு பெரிய வெள்ளைத் திரையைக் கட்டித் தொங்கவிட்டோம். திரைக்கு ஒரு பக்கம் இரண்டு ஊஞ்சல். ஊஞ்சலில் ஆள் ஆடினால் திரை ஏறி இறங்கும். மறுபக்கம் துணியில் எட்டுத் தமிழ்ச் சொற்கள், கயிற்றால் மேடாகத் தைத்தவை. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஒரு சிறு பை. பைக்குள் அந்தச் சொல்லின் வாசமோ உடம்போ இருக்கும். சொன்னால் இவ்வளவுதான். செய்து முடிக்க ஏழு வாரம் ஆனது. அதில் நான்கு வாரம் செய்ததைப் பிரித்துத் திரும்பச் செய்தது. யாராவது இதுபோல் செய்ய நினைத்தால் அந்த நான்கு வாரமாவது மிச்சமாகட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

யோசனை என்னுடையது இல்லை. ஆன் ஹாமில்டன் என்ற அமெரிக்கக் கலைஞருடையது. 1956இல் ஓஹையோ மாநிலத்தில் லைமா என்ற ஊரில் பிறந்தவர். 1979இல் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் துணி வடிவமைப்பு படித்து முடித்து, அப்புறம் யேலில் சிற்பம் படித்தார். சிற்பம் படித்தாரே தவிர, கை துணியை விடவில்லை. 2012 டிசம்பரில் நியூயார்க்கில், ஒரு காலத்தில் ராணுவப் பயிற்சி நடந்த பார்க் அவென்யூ ஆர்மரியின் பிரம்மாண்டமான கூடத்தில் நடுவே ஒரு வெள்ளைத் திரையைத் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் சேர்த்து 42 ஊஞ்சல் கட்டினார். ஊஞ்சல்களுக்கும் திரைக்கும் கயிறும் கப்பியும் வழியாகத் தொடர்பு. நீங்கள் ஆடினால் மறுபக்கம் முகம் தெரியாத ஒருவருக்கு முன்னால் துணி அலை அடிக்கும். ஓரமாக மேசை போட்டு இருவர் கூண்டுப் புறாக்களுக்கு வாசித்துக் கொண்டிருப்பார்கள். அந்தக் குரல் காகிதப் பைக்குள் வைத்த வானொலிகள் வழியே கூடம் முழுக்கக் கேட்கும். பையைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாம். ‘ஓர் இழையின் நிகழ்வு’ என்று பொருள்படும் தலைப்பு. அந்தச் சொற்றொடர் நெசவாளர் ஆனி ஆல்பர்ஸ் நெசவைப் பற்றி எழுதியதிலிருந்து வந்தது.

நான் நியூயார்க் போனதில்லை. படமும் காணொளியும்தான் பார்த்தேன். தமிழில் நூல் என்றால் இழையும்தான், புத்தகமும்தான் என்ற சிலேடையை இந்த இடத்தில் செய்யக் கூடாது என்று உறுதியாக இருந்தேன். எல்லாரும் செய்வது அது. ஆனால் நன்னூலில் வரும் உவமை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கும் பெண், வாய் அவள் கை, அறிவு நூல் நூற்கும் கதிர். பள்ளியில் தமிழ் சொல்லித் தருகிறவன் நான்; இதை மனப்பாடமாக ஒப்பித்தவன். ஒருநாளும் கதிரைக் கையில் பிடித்ததில்லை. அந்த வெட்கமும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வகுப்பறை. எங்கள் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இங்கத்து மொழி. தமிழ் எழுத்து அவர்களுக்கு முதலில் பழக்கமாவது ரூபாய் நோட்டில்தான். 1998இல் புது நோட்டு வந்தபோது வழக்கமாக ஆங்கிலத்துக்கு அடுத்து வரும் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். அதற்கு இங்கே எவ்வளவு எதிர்ப்பு எழுந்தது, நோட்டுகளைத் திரும்பப் பெற்று அடுத்த வருடம் பழைய வரிசையிலேயே எப்படி அச்சடித்தார்கள் என்பது பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். நோட்டில் எந்த வரி என்பதற்கு அத்தனை சண்டை போட்ட நாம் அந்த வரியை வாசிக்கிறோமா என்று கேட்டால் பாதிப் பேர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் அதே ஆட்கள் சந்தையில் கறிப்புலே கேட்பார்கள், கொத்தோமிலி கேட்பார்கள், மூரூம் கீரை கேட்பார்கள், பிப்பாங்காய் கேட்பார்கள். கோவிலில் வாழையிலை போட்டு செத் காரி, அதாவது ஏழு கறி பரிமாறும்போது ராசோன் இன்னும் ஒரு கரண்டி என்பார்கள். கறிவேப்பிலை, கொத்தமல்லி, முருங்கை, பீர்க்கங்காய், ரசம். தமிழர் அல்லாதவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். ஆயோ என்று கத்தாத மொரீஷியன் உண்டா? வாயில் இருக்கிறது, மூக்கில் இருக்கிறது. கண்ணில்தான் இல்லை. அதனால் கண்ணை விட்டுவிட்டுத் தொடங்கலாம் என்று தோன்றியது.

முதலில் 24 சொற்கள் என்று பட்டியல் போட்டேன். பேராசை. எட்டாகக் குறைந்ததற்குக் காரணம் விரல். எழுத்தை 8 சென்டிமீட்டர் உயரத்தில் கயிற்றால் ஒட்டி, நான்கு மாணவர்களின் கண்ணைக் கட்டித் தடவச் சொன்னேன். ஒருவனாலும் முடியவில்லை. ண, ன இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. ல, வ பற்றிக் கேட்கவே வேண்டாம். கண்ணுக்குப் போதுமான சுழி விரலுக்குப் போதாது. சுழியின் உள்ளே விரல் நுனி இறங்கி, இங்கே பள்ளம் இருக்கிறது என்று உணர வேண்டும். அதற்குக் குறைந்தது 2 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டியிருந்தது. அப்படிப் போட்டால் எழுத்து 20 சென்டிமீட்டர் உயரம் ஆகிறது. ஆகவே துணியின் ஒரு பாகத்துக்கு ஒரு சொல், அதையும் உடைத்து ஒன்றன்கீழ் ஒன்றாக: கறி, வேப், பிலை. மேலே சொன்ன ஐந்தோடு மஞ்சள், கற்பூரம், ஐயோ. எட்டு.

இனித் துணி. கூடம் 11 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், நடுவில் 5 மீட்டர் உயரம். அகலத்தில் 6 மீட்டருக்குத் திரை. துணி சுருக்கம் விழுந்து தொங்க வேண்டுமென்றால் ஒன்றரை மடங்கு வேண்டும், அதாவது 9 மீட்டர். மல்மல் என்ற மெல்லிய பருத்தித் துணி 112 சென்டிமீட்டர் அகலத்தில் வருகிறது. எட்டுப் பாகம் சேர்த்தால் கிட்டத்தட்டச் சரியாகிவிடும். ஒவ்வொன்றும் 4 மீட்டர் 20. மொத்தம் 35 மீட்டர் வாங்கினேன்.

வாங்கியது போர்ட் லூயிசில், கோர்தெரி தெருப் பக்கம். முதல் கடையில் சுத்தப் பருத்தி என்று சத்தியம் செய்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து காட்டினால் தாந்தின் (கிரியோலில் அத்தை, சித்தி) துணியை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஓரத்தில் நான்கு இழை உருவி தீக்குச்சி வைத்தார். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசம் வரும், சாம்பல் ஊதினால் பறக்கும். இது உருகிச் சுருண்டு ஒரு கறுப்பு மணியாக நின்றது. பாலியஸ்டர் கலப்பு. மடிப்புக் கலைக்காமல் திருப்பிக் கொடுத்து வேறு கடையில் வாங்கினேன், இந்த முறை பையில் தீப்பெட்டியோடு.

தாந்தினைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் எல்லாருக்கும் தாந்தின், எனக்கு அம்மா வழியில் உறவும்கூட. இருபது வருடத்துக்கு மேல் லாசோனில் வேலை செய்தவர். 1970இல் சட்டம் போட்டு ஏற்றுமதி மண்டலம் கொண்டுவந்தார்கள் அல்லவா, அதைத்தான் இங்கே எல்லாரும் லாசோன் என்கிறோம். வீட்டை விட்டு வெளியே வேலைக்குப் போகாத பெண்கள் ஆயிரக்கணக்கில் முதன்முதலாகச் சம்பளம் வாங்கியது அங்கேதான். 2004 முடிவில் உலக ஆடை வணிகத்தின் ஒதுக்கீட்டு ஏற்பாடு முடிவுக்கு வந்தது. அதை ஒட்டிய வருடங்களில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. தாந்தினின் ஆலையும் மூடியது. அவர் தைத்தது முழுச் சட்டை இல்லை, முழுக் காற்சட்டையும் இல்லை. ஜீன்ஸின் இடுப்பில் பெல்ட் நுழைக்கும் அந்தச் சின்ன லூப், அதன் இரண்டு முனையையும் இறுக்கும் தையல். வருடக்கணக்கில் அது மட்டும்தான். ஹாமில்டன் வேலை உடுப்புகளை மலைபோல் குவித்த படத்தை அவரிடம் காட்டினேன். 1991இல் சார்ல்ஸ்டன் நகரத்தில் செய்தது, எல்லாம் நீலச் சட்டைகளும் காற்சட்டைகளும். தாந்தின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்து, “நன்றாக மடித்திருக்கிறார்கள்” என்றார். வேறு விமர்சனம் எதுவும் வரவில்லை.

தைப்பதற்கு முன் துணியைத் துவைத்தே ஆக வேண்டும். 4 மீட்டர் 20 வெந்நீரில் போட்டு எடுத்ததும் 4 மீட்டர் 5 ஆனது. தைத்த பிறகு சுருங்கியிருந்தால் எழுத்தைச் சுற்றி எல்லாம் இழுத்துக்கொண்டிருக்கும். பாகங்களை இணைக்கத் தாந்தின் ஓவர்லாக் வேண்டாம் என்றார். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் ஓவர்லாக் ஓரம் அசிங்கமாகத் தெரியுமாம். ஓரத்தை உள்ளே மடித்து இரண்டு முறை தைத்தார். எட்டுப் பாகத்துக்கு ஏழு இணைப்பு, ஒவ்வொன்றும் 4 மீட்டர், இரண்டு ஓட்டம். 56 மீட்டர் நேர்கோட்டுத் தையலை ஒரு பிற்பகலில் முடித்துவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டார். நான் பக்கத்தில் துணியைத் தாங்கிப் பிடித்ததற்கே முதுகு பிடித்துக்கொண்டது.

எழுத்துதான் சிரமம். 4 மில்லிமீட்டர் பருத்திக் கயிற்றைத் துணியின் மேல் வைத்து ஜிக்ஜாக் தையலால் இறுக்கினால் மல்மல் தாங்காமல் கொசகொசவென்று சுருங்கியது. அடியில் செய்தித்தாள் வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்தெடுக்கலாம் என்று பார்த்தோம். சுருங்கவில்லை, ஆனால் அச்சு மை துணியில் இறங்கி ‘முருங்கை’க்குப் பின்னால் பந்தய முடிவுகள் தெரிந்தன. கடைசியில் கேக் செய்யும்போது தட்டில் போடும் மெல்லிய காகிதம் சரியாக இருந்தது. நூல் இறுக்கத்தையும் மெஷினில் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சொல்லைப் பின்பக்கத்தில் சாக்பீஸால் எழுதிவிட்டேன் என்பது தைத்து முடித்த பிறகுதான் தெரிந்தது. ‘ரசம்’ கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி நின்றது. பிரிக்க ஒரு மாலை போனது. தமிழாசிரியர் செய்த வேலை என்று கூடத்தில் இரண்டு வாரம் இதுவே பேச்சு.

புள்ளிக்கு என்ன செய்வது என்று யோசித்தோம். தாந்தினிடம் ஒரு டின் நிறையச் சட்டைப் பொத்தான்கள் இருந்தன, ஆலை மூடியபோது கொண்டுவந்தவை. கணக்குப் பார்த்தால் எட்டுச் சொல்லுக்கும் சேர்த்து 13 புள்ளி. அதில் ‘பீர்க்கங்காய்’ மட்டும் நான்கு. ‘ஐயோ’வுக்கு ஒன்றும் இல்லை. விரலுக்குப் பொத்தான் மிகவும் பிடிக்கும். கயிற்றைத் தடவிக்கொண்டே வந்து சில்லென்று ஒன்று தட்டுப்பட்டால் சிறுபிள்ளைகள் நின்றுவிடுவார்கள். பிடித்து இழுக்கவும் செய்வார்கள். திறந்த மூன்றாம் நாளில் ஐந்து பொத்தான் காணவில்லை. ‘கொத்தமல்லி’ ‘கொததமலலி’ ஆகிவிட்டது என்று நான் புலம்ப, எனக்குப் பள்ளியில் தமிழ் சொல்லித்தந்த ஐயா வந்தவர் திரையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஓலையில் புள்ளி ஏதப்பா? குத்தினால் ஓலை கிழியும் என்று வைக்கவே மாட்டார்கள். படிக்கத் தெரிந்தவன் படித்துக்கொள்வான்” என்றார். சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் அன்று மாலையே தாந்தின் ஐந்தையும் தைத்துவிட்டார், இந்தத் தடவை பல் வைத்துக் கடித்தாலும் வராத மாதிரி.

ஊஞ்சல் விஷயத்தில் நான் கொஞ்சம் பயந்தவன். கூடத்தின் கூரை தகரம், இரும்பு உத்திரம். அதில் ஊஞ்சல் கட்டலாமா என்று கேட்டதும் பக்கத்து வீட்டுத் தோந்தோன் (கிரியோலில் மாமா), பட்டறை வைத்திருப்பவர், கூடாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆள் சும்மா உட்கார்ந்தால் அவர் எடை மட்டும்தான். 45 டிகிரி வரை ஆடிவிட்டுக் கீழே வரும் கணத்தில் கயிற்றில் விழும் சுமை எடையைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல். 60 டிகிரி போனால் இரண்டு மடங்கு. அதுவும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப. ஆகவே சாரக்கட்டுக் குழாயில் தனியாக 3 மீட்டர் உயரச் சட்டகம் செய்து தரையில் நிறுத்தினோம். 50 கிலோ சிமெண்ட் மூட்டை மூன்றைப் பலகையில் வைத்து ஒரு இரவு தொங்கவிட்டு, காலையில் கிளாம்ப் எல்லாம் திரும்ப முடுக்கினோம். ஊஞ்சல் கயிறு 12 மில்லிமீட்டர் பாலியஸ்டர். 80 கிலோவுக்கு மேற்பட்டவர்கள் மன்னிக்க வேண்டும் என்று ஒரு பலகையும் எழுதி வைத்தோம். படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

ஊஞ்சலையும் திரையையும் இணைத்த கதைதான் நீளம். முதலில் திரையின் மேல் ஓரத்தில் ஒரு மூங்கிலைச் செருகி, மூங்கிலை இரண்டு கயிற்றில் தூக்கினோம். தூக்கியது, ஆனால் கடை ஷட்டர் மாதிரி மொத்தமாக மேலே போய் மொத்தமாகக் கீழே வந்தது. அலையே இல்லை. துணி 3 கிலோகூட வராது, மூங்கில் அதற்குமேல் எடை; ஆடுகிறவர்களுக்கு யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. மூங்கிலை உருவி எறிந்துவிட்டு, மேல் ஓரத்தில் ஏழு இடத்தில் கண்ணி வைத்தோம். மூன்று கண்ணி கூரையில் அசையாமல். மீதி நான்கில் ஊஞ்சலுக்கு இரண்டாகக் கயிறு. அப்போதுதான் துணி துணியாக நடந்துகொண்டது. ஒரு இடம் ஏற, பக்கத்து இடம் தயங்கி, சுருக்கம் ஒன்று கோணலாக ஓடி அடுத்த மூலையில் அடங்கும்.

கயிற்றை ஊஞ்சலில் எந்த இடத்தில் முடிவது என்பதில் ஒரு தவறு செய்தேன். மேலேயிருந்து 1 மீட்டர் 20 கீழே, கைக்கு எட்டும் இடத்தில் வசதியாகக் கட்டினேன். 45 டிகிரி ஆடினால் அந்த இடம் 85 சென்டிமீட்டர் நகரும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும், பள்ளிக்கூடக் கணக்குதான். போடவில்லை. தோந்தோனின் மகன் உற்சாகமாக இரண்டு ஆட்டம் ஆடினான். மூன்றாவதில் பர்ரென்று ஒரு சத்தம். கண்ணி ஒன்று ஒரு சாண் துணியோடு பிய்ந்து தொங்கியது. கூடத்தில் இருந்த எல்லாரும் ஒரே குரலில் “ஆயோ!” என்றார்கள்.

தாந்தின் கிழிசலைப் பார்த்துச் சிரித்தார். கண்ணியை நான் சாதாரணத் தையலால் நான்கு பக்கம் தைத்திருந்தேன். “இது லூப் இல்லையா? இதைத்தானே நான் வாழ்நாள் முழுக்கத் தைத்தேன்” என்றார். அடியில் இரண்டு மடிப்புப் பருத்தி நாடா கொடுத்து, கண்ணியின் முனையில் நெருக்கமான ஜிக்ஜாக்கில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு முன்னும் பின்னும் போய் வந்தார். ஆலையில் அதற்கென்றே தனி மெஷின் உண்டாம், பார் டேக் என்று பெயர். வீட்டு மெஷினில் கையால் சக்கரத்தைத் திருப்பி ஏழு கண்ணிக்கும் போட்டார். அதன்பிறகு ஒன்றும் பிய்யவில்லை. கயிற்றையும் மேலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளி மாற்றிக் கட்டினேன். இப்போது துணி ஏறுவது 25 சென்டிமீட்டர், இறங்குவதும் அதே அளவு. அந்தக் கணக்குக்குத் திரையின் கீழ் ஓரம் நிற்கும்போது தரைக்கு மேல் 30 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கூடத்தைப் பெருக்கிவிடும்.

கப்பி பற்றிச் சுருக்கமாக. துணி காயப்போடும் கொடிக்கு விற்கும் பிளாஸ்டிக் கப்பி வேண்டாம். பள்ளம் அகலம், கயிறு நழுவிப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளும், கீச்சென்று கத்தும். எண்ணெய் விட்டால் வெள்ளைத் துணியில் சொட்டும். பாய்மரப் படகில் போடும் கப்பி, உள்ளே குண்டு வைத்தது, பழையதாகக் கிடைத்தால்கூடப் போதும். மாஹேபூரில் ஒருவரிடம் நான்கு இரவல் வாங்கினேன். கயிறு நைலான் வேண்டாம், ரப்பர் மாதிரி நீளும். ஊஞ்சல் திரும்பிய பிறகுதான் திரைக்குச் செய்தி போகும். 4 மில்லிமீட்டர் பின்னல் பாலியஸ்டருக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

வாசனைப் பைகளை நான் எளிது என்று நினைத்திருந்தேன். காய்ந்த கறிவேப்பிலையில் இரண்டு நாளில் வாசம் போய்விட்டது; பையின் வாயைத் திறந்தே தைத்து, தினமும் காலையில் புதிய கொத்து வைப்பதைப் பிள்ளைகள் பொறுப்பில் விட்டோம். கொத்தமல்லி விதை முழுதாக இருந்தால் வாசம் வராது, லேசாக வறுத்து ஒன்றிரண்டாக உடைக்க வேண்டும். ரசத்துக்கு மிளகும் சீரகமும் இடித்துப் போட்டோம், நிறையப் பேரைத் தும்ம வைத்தது. முருங்கையிடம் மூக்குக்கு ஒன்றும் இல்லை. அதன் விதை, மூன்று சிறகோடு இருப்பது, கையில் எடுத்தால் புரிந்துவிடும். முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய் முதுகுத் தேய்க்கும் நாராகிவிடும் அல்லவா, அதன் வரம்புகள் அப்படியே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அதைத் தொட்டதும் பிப்பாங்காய் என்று சொல்லாதவர்கள் அநேகமாக இல்லை. ‘ஐயோ’ பை காலி. கையை விட்டுத் துழாவிவிட்டு ஒன்றும் இல்லையே என்று நிமிர்ந்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யூகித்துக்கொள்ளுங்கள்.

கற்பூரம்தான் வில்லன். ஒரு துண்டு போட்டோம். மறுநாள் எட்டுப் பையும் கற்பூரம் மணத்தன, கூடமே மார்கழி மாதிரி இருந்தது. அது கட்டியாக இருந்தபடியே காற்றில் கரைந்து போவது; எதன் மேலும் ஏறிக்கொள்ளும். தீப்பற்றும், சிறு குழந்தை வாயில் போட்டால் ஆபத்து. எடுத்துவிட்டேன். பை காலியாகவே இருந்தது. கடைசி நாள்வரை மணந்தது.

மஞ்சள் விஷயம் திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு. பையின் அடித்தையல் வழியே தூள் கசிந்திருக்கிறது. யாரோ ஊஞ்சல் ஆட, துணி உதற, தூள் பறந்து ‘மஞ்சள்’ என்ற சொல்லின் மேலேயே படிந்துவிட்டது. கயிற்றின் மேட்டில் மட்டும் தங்கி, சமதளத்தில் வழிந்துபோயிருந்தது. வெள்ளையில் வெள்ளையாக இருந்த எழுத்து தூரத்திலிருந்தே படிக்கும்படி எரிந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் 1999இல் வெனிஸ் பியன்னாலே என்ற கலைக்காட்சியில் ஹாமில்டன் செய்தது இதேதான். அமெரிக்கக் கூடத்தின் வெள்ளைச் சுவர்களில் பார்வையற்றோர் தடவிப் படிக்கும் பிரெய்ல் புள்ளிகளைப் பெரிதாகப் புடைக்கவைத்து, மேலேயிருந்து ரோஜாச் சிவப்புத் தூளை மெல்லக் கொட்டவிட்டார். தூள் அந்தப் புள்ளிகளில் தங்கித் தங்கி இறங்கியது. அவர் ஏற்பாடு செய்து கொண்டுவந்ததை எங்கள் தையல் ஓட்டை செய்துவிட்டது. கைப்பேசியை எடுத்துவர ஓடினேன்.

திரும்பி வருவதற்குள் தாந்தின் ஈரத் துணியும் சலவை சோப்பும் கொண்டு தேய்க்கத் தொடங்கிவிட்டார். அவருக்கு அது கறை. கறை படிந்த துணி ஆலையில் தேறாது. நான் கத்துவதற்குள் எழுத்தைச் சுற்றி இரத்தம்போல் சிவந்துவிட்டது. அவரே பயந்து கையை எடுத்துவிட்டார். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் குங்குமம் ஆவதுதான். சோப்பும் காரம், அதே வேலையைச் செய்யும். எலுமிச்சம்பழம் பிழிந்து ஒற்றினோம், சிவப்பு பின்வாங்கி மறுபடி மஞ்சளானது. நிறைய அலசி, பாகத்தை ஈரத்தோடு வெயிலில் போட்டோம். மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. அந்த இரண்டு நாளும் குளிர்காலத்துக்கு நல்ல வெயில், கோர் தெ கார்த் மலை தெளிவாகத் தெரிந்தது. ஒரு நிழல்போல் மட்டும் மிச்சம் இருந்தது. பையை இரட்டைத் துணியில் தைத்து, தூளுக்குப் பதில் விரலி மஞ்சளைப் போட்டோம். எனக்கு இன்னும் மனத்தாங்கல்தான். தாந்தினிடம் அதைச் சொன்னதில்லை.

ஒன்பது நாள் திறந்து வைத்திருந்தோம். நான் எதிர்பார்த்தது ஆட்கள் அமைதியாக வந்து தடவி, முகர்ந்து, எழுத்தை அறிந்துகொண்டு போவார்கள் என்று. நடந்தது வேறு. கண்ணை மூடிக்கொண்டு ‘முரு’ வரை தடவிவந்த ஒரு பெண்ணின் கையிலிருந்து சொல் நழுவி மேலே போய்விடும். மறுபக்கம் யாரோ ஊஞ்சலை உந்தியிருப்பார்கள். “கொஞ்சம் நிறுத்துங்கள், படித்துக்கொண்டிருக்கிறேன்!” என்று துணி வழியாகக் கத்துவார். “என்ன சொல்?” என்று அங்கிருந்து கேட்பார்கள். “தெரியாது, அதனால்தான் நிறுத்தச் சொல்கிறேன்!” ஊஞ்சல் பக்கத்தில் இருப்பவருக்கு எழுத்துகள் வெளிச்சத்தில் திருப்பிப் போட்ட நிழலாகத் தெரியும், அவர் அதை வைத்து ஊகம் சொல்வார். பேச்சு முழுக்கக் கிரியோலில்தான். நடுவில் ஒரு தமிழ்ச் சொல்லுக்காக இரண்டு பேர் இத்தனை நேரம் வாதாடி நான் வகுப்பில் பார்த்ததில்லை. காகிதப் பை வானொலியும் செய்து பார்த்தோம், ரொட்டிக்கடைப் பையில் சின்ன ஒலிபெருக்கி வைத்து, பாட்டிமார் சமையல் குறிப்பு சொல்வதைப் பதிவு செய்து. இந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் நாளே எடுத்துவிட்டேன்.

பிரித்தபோது கத்தரிக்கோலைத் தாந்தின் தொடவிடவில்லை. ஏழு இணைப்பையும் பிளேடால் தையல் தையலாகப் பிரித்தார். எட்டுப் பாகம் எட்டு வீட்டுக்குப் போனது. ‘ஐயோ’வைத் தோந்தோன் பட்டறைக் கதவில் மாட்டியிருக்கிறார். ‘மஞ்சள்’ பாகத்தை யாரும் கேட்கவில்லை, அது தாந்தின் வீட்டுச் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. துவைக்கும்போது சோப்பு பட்டதும் எழுத்தைச் சுற்றி லேசாகச் சிவந்துவிட்டு, அலசியதும் போய்விடுகிறதாம். மாஹேபூர்க்காரருக்கு மூன்று கப்பி திருப்பிக் கொடுத்தாயிற்று. நான்காவதை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.